ஒட்டுக்கேட்ட கதவுகள்

வெகு காலத்துக்கு முன்னால், மலைக்கும் கடலுக்கும் நடுவே வேங்கூர் என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அதன் ராஜா கொடுங்கண்ணன். அவன் ஒரு மந்திரவாதியைப் பிடித்து, வீட்டுக்கு வீடு மாயக் கதவு மாட்ட வைத்தான். உள்ளே கிசுகிசுப்பதை எல்லாம் கதவு கேட்கும். சிம்மாசனத்தில் இருப்பவன் "என்னிடம் சொல்" என்றால் அத்தனையும் சொல்லும். அப்புறம் கிசுகிசுத்த ஆளைக் காணோம்.

முப்பது வருஷம் கழித்து, தொண்டையில் மீன்முள் சிக்கி ராஜா செத்தான். ஊர் ஆடியது, பாடியது. மந்திரவாதி கழுதைமேல் ஏறி ஓடிப்போனான். கதவுகள் மட்டும் போகவில்லை. வெட்டினால் கோடாலிதான் உடைந்தது. பொழுது சாய்ந்தால் ஒவ்வொரு கதவும் முனகும்: "கேட்டேன், கேட்டேன், யாரிடம் சொல்ல?"

வெற்றிலைக்காரர் கூத்தையன் அதைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வார். ஏன் தெரியுமா? பக்கத்து வீட்டுச் சடைச்சியின் ஆடு ஒருநாள் அவருடைய வெற்றிலைக் கொடிக்காலை மேய்ந்துவிட்டது. அந்த ஆத்திரத்தில் தன் கதவிடம் பொய் சொன்னார்: "சடைச்சி புருஷன் மாடன், ராஜா பேரைச் சொன்னாலே காறித் துப்புகிறான்." மறுநாளே மாடனைக் கோட்டைச் சிறையில் போட்டார்கள். ஒன்பது வருஷம் ஆயிற்று. சிறைக்கும் மாயக் கதவுதான். ராஜா செத்தும் திறக்கவில்லை.

சிம்மாசனத்தில் முதலில் தளபதி உட்கார்ந்தான். "என்னிடம் சொல்" என்று அவன் வாய் திறக்குமுன் ஜனங்கள் இழுத்துப் போட்டார்கள். அடுத்து மந்திரி உட்கார்ந்தான். அவனையும் இழுத்துப் போட்டார்கள். மூன்றாவதாக, யாரோ காட்டிக்கொடுத்ததால் நாடு கடத்தப்பட்டிருந்த செங்காணி வைத்தியரை ஊரே கூடி அழைத்து வந்து உட்கார வைத்தது.

வைத்தியர் தங்கமான மனிதர். வரியைக் குறைத்தார், கிணறு வெட்டினார். ஆனால் மூன்றாம் மாதம் அவர் முகம் மாறியது. "ஒரே ஒரு தடவை கேட்கிறேன். என்னைக் காட்டிக்கொடுத்தவன் யார் என்று தெரிந்தால் போதும்" என்றார். கொடுங்கண்ணனும் ஒரே ஒரு தடவை என்றுதான் ஆரம்பித்தான். ஊரில் பல பேருக்கு அது ஞாபகம் இருந்தது. எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை.

சடைச்சி கூத்தையனிடம் ஓடி வந்தாள்.

"அண்ணே, சங்கதி தெரியுமா? நாளைக்குக் காலையில வைத்தியர் கேக்கப் போறாராம். எம்புருஷனைப் போட்டுக் கொடுத்தவன் பேரும் வந்துரும்ல?"

"வ... வரும் தாயி."

"வரட்டும். அவன் நாக்கை அறுத்து நாய்க்குப் போடுறேன். என்னண்ணே, இப்படி வேர்த்து ஊத்துது? வெத்தலைக்குச் சுண்ணாம்பு கூடிப்போச்சா?"

கூத்தையன் சிரிக்கப் பார்த்தார். வாய் கோணியதுதான் மிச்சம்.

ஓடிவிடலாமா? எங்கே ஓடுவது? காலையில் அரண்மனை முற்றத்துக்கு அவர் கால்களே அவரை இழுத்துப் போயின. வைத்தியர் சிம்மாசனத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கதவுகளே, என்னி..." என்று தொடங்கினார்.

"நிறுத்துங்க சாமி!"

கத்தியது தான்தான் என்று கூத்தையனுக்கே அப்புறம்தான் தெரிந்தது. "சடைச்சி, நான்தான் தாயி! மாடன் ஒரு பாவமும் அறியான். ஆடு தின்ன நாலு கொடிக்காக நான் பொய் சொன்னேன்."

தூரத்தில் தடால் என்று சத்தம். கூத்தையன் வீட்டுக் கதவு வெறும் பலகையாகக் கிடந்தது. மறைத்த பேச்சுதான் அதன் உயிர். பேச்சு வெளியே வந்ததும் உயிர் போயிற்று.

கூட்டம் கூத்தையன் பக்கம் திரும்பியது. பிறகு எண்ணெய்க்காரி ஒருத்தி, "நானும் சொன்னேன்" என்றாள். தடால். ஒரு சேவகன், "நானும்" என்றான். தடால். கடைசியில் வைத்தியரின் சொந்த மருமகனே அவர் காலில் விழுந்து, "மாமா, நான்தான்" என்றான். வைத்தியர் இனிக் கேட்க ஒன்றும் இல்லை என்று சிம்மாசனத்தை விட்டு இறங்கினார். மறைக்க ஒரு பேச்சும் மிச்சம் இல்லாததால் அந்தக் கணமே கோட்டைச் சிறைக் கதவும் விழுந்தது.

தாடியும் எலும்புமாக மாடன் வந்தான். சடைச்சி அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கூத்தையன் முன்னால் நின்றாள். பளார் என்று ஓர் அறை.

"நீ சொன்னதாலதான் போனாரு. நீ சொன்னதாலதான் வந்தாரு. போ, எங்கயாவது உசுரோட இரு."

மன்னித்தாளா என்று கேட்காதீர்கள். மன்னிக்கவில்லை. அவளுக்குப் புத்தி சொல்ல யாரும் போகவும் இல்லை.

வைத்தியர் ஒரு வருஷம் ஆண்டுவிட்டுப் பதவியை விட்டு இறங்கினார். ஜனங்கள் வேறு ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்குப் பிறகு வேங்கூரில் சண்டை வந்தால் தெருவில் நின்றே போட்டார்கள். ஏழு தெருவுக்குக் கேட்கும். ஆனால் பொழுது விடிந்தால், சண்டை போட்ட இரண்டு பேருமே அவரவர் வீட்டில்தான் இருப்பார்கள்.