கீரைப் பாத்தியில் மூன்று குட்டிகள்

"பெத்த தாய்க்கு இப்படியும் ஒரு மனசு இருக்குமா, சாமி?"

கோமதி கேட்டாள். குளத்தங்கரைச் சாமி அகத்திக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவளைவிட வயதில் இளையவர். ஆனாலும் எந்த மனக்குறை என்றாலும் அவள் அவரிடம்தான் கொண்டுவருவாள்.

"யாரைச் சொல்றீங்கம்மா?"

"முயலைச் சொல்றேன். எங்க வீட்டுத் தோட்டத்துலே, தண்டங்கீரைப் பாத்திக்குள்ளே மூணு காட்டு முயல் குட்டி கிடக்கு. உள்ளங்கைக்குள்ளே அடங்கிடும். நேத்துக் காலையிலே பார்த்தேன். அப்போ பிடிச்சு தாயைக் காணோம். போட்டுட்டு ஓடிட்டு."

சாமி கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எங்க தம்பி பொண்டாட்டி முப்பிடாதியும் அதே ரகம்தான். அவன் செத்து இன்னும் வருஷம் திரும்பலை. நாலு வயசுப் பிள்ளை பேச்சியை என்கிட்டே விட்டுட்டு, தாய்வீட்டுலே உட்கார்ந்து பீடி சுத்துறா. பக்கத்து ஊருதான். எட்டிப் பார்க்கலை. பேச்சிக்கு எல்லாமே நான்தான். இப்போ இந்தக் குட்டிகளுக்கும் நான்."

"குட்டிகளுக்கு என்ன செய்றீங்க?"

"பாத்தி ஓரத்துலே நாற்காலியைப் போட்டு, கையிலே கம்போட உட்கார்ந்திருக்கேன். காக்கா, நாய், ஒண்ணும் அண்ட முடியாது. ராத்திரியும் தோட்டத்து லைட்டை அணைக்கலை."

"பால் குடிச்சுதா?"

"துணியிலே நனைச்சு வச்சேன். வாயைத் திறக்கலை."

சாமி எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வாங்க, போவோம்."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. சாமி தள்ளி நின்றே பார்த்தார். இரண்டு குட்டிகள் அசையாமல் விழித்துக்கொண்டிருந்தன. மூன்றாவது தலையைத் தூக்கவில்லை.

அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

"சாமி, நாய் வந்துட்டா?"

"உள்ளே வாங்கம்மா."

பின்கதவைச் சாத்தினார். தோட்டத்து லைட்டைப் போடவிடவில்லை. அடுப்படி ஜன்னல் பக்கம் தரையில் உட்கார்ந்தார். கோமதியும் உட்கார்ந்தாள். பேச்சி ஓடிவந்து அவள் மடியில் ஏறிக்கொண்டாள்.

வெளிச்சம் மங்கியது.

முள்வேலியின் அடியில் எதுவோ அசைந்தது. முதலில் காது தெரிந்தது. பிறகு முகம். தாய்முயல் உள்ளே வந்து நின்றது. காதைத் தூக்கி உற்றுக் கேட்டது. அப்புறம் ஒரே ஓட்டமாகப் பாத்திக்குள் போனது.

குட்டிகள் அதன் வயிற்றுக்கடியில் முட்டின. தலை தூக்காமல் கிடந்த குட்டியும் ஊர்ந்து வந்து சேர்ந்தது.

கோமதி மெதுவாகக் கேட்டாள்.

"எங்கேயிருந்து வந்துச்சு?"

"வேலிக்கு அந்தப் பக்கத்துலேருந்து."

"நேத்துலேருந்து அங்கேதான் இருந்துச்சா?"

"மடி நிறையப் பாலை வச்சுக்கிட்டு எங்கே போகும்?"

"பின்னே ஏன் வரலை?"

சாமி திரும்பினார். சுவரோரம் கிடந்த நாற்காலியைப் பார்த்தார்.

கோமதியும் பார்த்தாள்.

முப்பிடாதி வராமல் இல்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் வந்துகொண்டுதான் இருந்தாள். "கையிலே பீடித்தூள் வாடை" என்றோ "பிள்ளை தூங்குது" என்றோ கோமதி வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினாள். ஒரு தடவை, தூங்குது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே பேச்சி சிரித்தாள். முப்பிடாதிக்கும் அது கேட்டது. கொண்டுவந்த முறுக்குப் பொட்டலத்தைப் படியில் வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகுதான் வரவில்லை.

இதைச் சாமியிடம் சொல்ல கோமதிக்கு நாக்கு எழவில்லை. முகம் எரிந்தது. இருட்டிவிட்டது நல்லது என்று நினைத்தாள்.

"நான் என்ன செய்யட்டும், சாமி?" என்றாள்.

"பிள்ளைக்குச் செருப்பு இருக்கா?"

"இருக்கு."

"அப்போ சரி."

காலையில் கோமதி பேச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து ஊருக்கு நடந்தாள். வழியெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்தாள். ஒன்றும் சரியாக வரவில்லை.

முப்பிடாதி வாசல் நடையில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். தட்டு சரிந்து இலையும் தூளும் மண்ணில் கொட்டின.

இரண்டு எட்டு வேகமாக வந்தாள். சட்டென்று நின்றாள். பிள்ளையைப் பார்க்கவில்லை. கோமதியின் முகத்தைப் பார்த்தாள்.

"முப்பிடாதி..." என்றாள் கோமதி.

முப்பிடாதி திரும்பி வாசல் தொட்டிக்குப் போனாள். தண்ணீர் மொண்டு முழங்கை வரைக்கும் கழுவினாள். உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள். மறுபடியும் தேய்த்துக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, இரண்டு கைகளையும் கோமதியிடம் விரித்துக் காட்டினாள்.

"பீடித்தூள் வாடை போயிட்டு, மதினி. இப்போ தூக்கலாமா?"