நீச்சல் வகுப்பில் நாலாவது ஆள்

பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கிய முதல் நாள். நீச்சல் குளத்தைச் சுற்றிப் படுதா கட்டியாயிற்று. ஆண் காவலரை வெளியே அனுப்பியாயிற்று. ஆசிரியை சஃபுராவுக்கு முப்பது வயது. அவளிடம் பயிற்சியாளர் வேலை பழக வந்த மீனலோசனிக்கு நாற்பத்தைந்து. ஒரு காலத்தில் மாவட்ட அளவில் மெடல் வாங்கியவள். அந்தப் பெருமை அவள் நடையிலேயே தெரியும். திறப்பு நாளென்று பட்டுச்சேலையில் வந்திருந்தாள்.

ஏரித் தீவிலிருந்து மூன்று பெண்கள் வந்தார்கள். கணுக்கால் வரை அங்கி, தலையில் முக்காடு. மீனலோசனி வாசலிலேயே மறித்தாள்.

“நீச்சல் டிரெஸ் இல்லாம இறங்க முடியாதும்மா.”

“நாங்க இப்படித்தான் இறங்குவோம்” என்றாள் மூவரில் மூத்தவளான ஜுனைதா. “பிள்ளைங்கள தினம் படகுலதான் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறோம். போன மழையில ஒரு தடவ கவுந்துடுச்சு. பிள்ள என் கையிலதான் இருந்தா. எனக்கு நீந்தத் தெரியல. யாரோ வந்து தூக்குனாங்க.”

மீனலோசனி சஃபுராவிடம் திரும்பினாள்.

“கோச், இவ்வளவு துணியோட இவங்க எப்படிக் கத்துப்பாங்க? முதல்ல துணிய மாத்தச் சொல்லுங்க.”

“இப்படி வாங்கக்கா” என்று சஃபுரா அவளைக் குளத்தின் ஓரத்துக்கு அழைத்துப் போனாள். முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டாள்.

ஐயோவென்று எல்லோரும் அலறினார்கள். வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டவளை இப்படியா தள்ளுவது!

மீனலோசனி மேலே வந்தாள். சேலை காலைச் சுற்றிக்கொண்டது. உதைக்கப் பார்த்தாள், முடியவில்லை. மறுபடி முங்கினாள். மெடல் வாங்கிய கைகள் தண்ணீரைச் சும்மா அறைந்தன.

சஃபுரா குதிக்கப் போனாள். அதற்குள் ஜுனைதா சுவரோரம் கிடந்த மூங்கில் கழியை எடுத்து நீட்டிக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டாள். படகிலிருந்து யாராவது விழுந்தால் அவர்கள் தீவில் அப்படித்தான் செய்வார்கள்.

“கழியப் புடிங்கக்கா! என் கையப் புடிக்காதீங்க!”

இழுத்துக் கரையேற்றினார்கள். மீனலோசனிக்கு இருமலோடு கோபமும் வந்தது.

“பைத்தியமா உங்களுக்கு? சொல்லியிருந்தா டிரெஸ் மாத்திட்டு வந்து இருபது தடவ நீந்திக் காட்டியிருப்பேன். சேலையோட எனக்கு நீந்தத் தெரியாது!”

“அதத்தான் இவங்க கத்துக்க வந்திருக்காங்க” என்றாள் சஃபுரா. “நீங்க இவங்களுக்குப் பின்னால நாலாவதா நில்லுங்கக்கா.”