தண்ணீர்க் குடமும் மாடிப்படியும்

பாளையங்கோட்டையில் ஒரு சைக்கிள் கடை மாடியில் ஞானதிரவியம் தொடங்கிய கட்டட வடிவமைப்பு நிறுவனத்துக்கு இப்போது நான்கு ஊர்களில் அலுவலகம். பொறுப்பை முதல் சீடர் இசக்கிராஜனிடம் கொடுத்துவிட்டு, அவர் வீட்டில் நிம்மதியாக இருந்தார்.

ஒருநாள் இசக்கி முகம் சிவக்க வந்து நின்றார்.

"அண்ணாச்சி, நம்ம ஜெபா மானத்தை வாங்கிட்டா. அவ வரைஞ்ச கல்யாண மண்டபத்துல படியேறினா பீம் தலையில இடிக்கு. காங்கிரீட்டை உடைச்சுத்தான் திரும்பப் போடணும். நாளைக்கே அவளை வேலையை விட்டு அனுப்பப் போறேன். நான் செய்யது சரிதானே?"

"அவ என்ன சொல்லுதா?"

"என்ன சொல்லுவா? அழுதா."

"வண்டியை எடு. மேலப்பாளையம் வரைக்கும் போயிட்டு வருவோம்."

அங்கே ஒரு பழைய மாடி வீடு. கதவைத் திறந்தவர் மைதீன் பாய், எண்பதைத் தாண்டியவர். ஞானதிரவியத்தைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாடியைப் பாத்துட்டு வா, இசக்கி" என்றார் ஞானதிரவியம்.

இசக்கி விறுவிறுவென்று ஏறினார். பாதிப் படியில் பீமில் தலை மோதியது. நல்லவேளை, அதில் பஞ்சு வைத்துத் துணி சுற்றியிருந்தது.

பாய் கீழிருந்து சிரித்தார். "குனிஞ்சு போங்க தம்பி. அதுக்குத்தான் மெத்தை கட்டி வச்சிருக்கேன்."

"எந்தப் புண்ணியவான் வரைஞ்சது இது?"

"நான்தான்" என்றார் ஞானதிரவியம். "என் முதல் வீடு."

இசக்கி தலையைத் தடவிக்கொண்டே இறங்கி வந்தார்.

"பாய், உங்களுக்குக் கோவம் வரலையா?"

"வராம? நல்லா ஏசினேன். பொறவு என் மச்சான் வீடு கட்டணும்னாரு. இவருகிட்டயே அனுப்பினேன். படியில தலை இடிச்சிரக் கூடாதேன்னு இனி இவரை மாதிரி பயப்பட ஊருல ஆளு கிடையாதே!"

"பாய் அன்னைக்கு விரட்டியிருந்தா, கடையை மூடிட்டுப் போயிருப்பேன்" என்றார் ஞானதிரவியம். "இப்பவும் சோத்துல கை வைக்கும்போது இவரை நினைச்சுக்கிடுவேன். அந்த மச்சான் வீட்டுலதான் குடம் தூக்க ஆரம்பிச்சேன்."

இசக்கிக்குத் தூக்கிவாரிப் போட்டது. காங்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகை அடித்ததும், காங்கிரீட் போடுவதற்கு முன்னால், வரைந்தவர் தலையில் தண்ணீர்க் குடத்தோடு படியேறுவது அந்த நிறுவனத்தின் வழக்கம். குடம் இடிக்காமல் மேலே போனால்தான் காங்கிரீட். அதை அண்ணாச்சியின் ஏதோ வேண்டுதல் என்றுதான் இத்தனை வருஷமும் இசக்கி நினைத்திருந்தார். அலுவலகம் பெருகியதும், படித்த பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று அதை நிறுத்தியவரும் இசக்கிதான்.

"காரணத்தைச் சொல்லவேயில்லையே அண்ணாச்சி!"

"நீ கேக்கவேயில்லையே."

பாய் காப்பி கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். இசக்கி அந்தப் பீமை அண்ணாந்து பார்த்தார்.

"இப்ப ஜெபாவை என்ன செய்ய?"

ஞானதிரவியம் பாயின் கையை இன்னும் விடவில்லை.

"எனக்கு இவரு கிடைச்சாரு, இசக்கி. அந்தப் பிள்ளைக்கு யாரு கிடைச்சிருக்கா?"