தடம் தடவிப் படித்த கரடிக்குட்டி

ஒரு காட்டில் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. சிரிக்காதீர்கள், பிள்ளைகளே. அங்கே கரும்பலகையும் கிடையாது, பெஞ்சும் கிடையாது. ஓடையோரத்து ஈர மணல்தான் பலகை. அதில் பதிந்த காலடித் தடங்கள்தான் எழுத்து. இது புலி, இது மான், இது முயல் என்று சொல்லத் தெரிந்துவிட்டால் படிப்பு முடிந்தது.

வாத்தியார் ஒரு கொக்கு. மீனுக்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அசையாமல் நிற்பவர். படிப்புக்கும் அதுதான் வழி என்று முழுசாக நம்பினார். அதனால் மாணவர்கள் எல்லாரும் ஒற்றைக் காலில் நின்றுதான் தடத்தைப் பார்க்க வேண்டும்.

முயல் நின்றது. அணில் நின்றது. குரங்குக்குட்டி குதியன்கூட வாலைக் கிளையில் சுற்றிக்கொண்டு ஒருவழியாக நின்றான். கரடிக்குட்டி உருமி மட்டும் தொப்பென்று விழுந்தாள்.

விழுந்தால்கூடப் பரவாயில்லை. எழுந்து நின்று எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அவள் கண்ணுக்குத் தடங்கள் எல்லாம் கலந்து நெளிந்தன. நேற்று மானாகத் தெரிந்தது இன்று பன்றியாகத் தெரிந்தது. தடவிப் பார்க்கலாம் என்று மெல்லக் குனிவாள். "தொடாதே" என்பார் கொக்கு. அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. தொட்டால் மணல் சரிந்துவிடும், அடுத்தவர் படிக்க ஒன்றும் மிஞ்சாது.

"நல்லாப் பாரு உருமி."

"நல்லாத்தான் பார்க்கிறேன் வாத்தியாரே."

"அப்போ இன்னும் கொஞ்ச நேரம் பாரு."

கோடை வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் இலுப்பைத் தோப்பில் பூ உதிரத் தொடங்கிவிட்டதாக அணில் செய்தி கொண்டுவந்தது. இலுப்பைப் பூ என்றால் கரடிகளுக்கு உயிர். ஒவ்வொரு கோடையிலும் வகுப்பே சேர்ந்து அங்கே போகும். ஆனால் வழியில் புலியும் சிறுத்தையும் நடமாடுகின்றன. தடம் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்கள் மட்டும்தான் வரலாம், அதற்கு ஒரு பரீட்சை உண்டு என்று கொக்கு கறாராகச் சொல்லிவிட்டார்.

உருமிக்குப் பூ போனால்கூடப் போகட்டும். எல்லாரும் கிளம்பிப் போகும்போது தான் மட்டும் ஓடைக்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமே, அதை நினைத்தால்தான் அழுகை வந்தது.

குதியனுக்கு மனசு கேட்கவில்லை. நல்ல பையன்தான், ஆனால் எல்லாவற்றிலும் அவசரம்.

"இதுக்குப் போயா அழறே? நான் மரத்து மேல இருப்பேன். தலையைச் சொறிஞ்சா புலி. காதைப் பிடிச்சா முயல். வாலை இழுத்தா மான். நீ தடத்தைப் பார்க்கவே வேணாம், என்னைப் பாரு."

"அது படிச்ச மாதிரி ஆகுமா?"

"தோப்புக்குப் போன மாதிரி ஆகும்ல?"

பரீட்சை நாள் வந்தது. முதல் தடத்துக்குக் குதியன் வாலை இழுத்தான். "மான்" என்றாள் உருமி. கொக்குக்கு வியப்புத் தாங்கவில்லை. "நான் சொல்லலையா, நின்னு பார்த்தா வந்துடும்னு" என்று தன்னையே பாராட்டிக்கொண்டார்.

அடுத்த தடத்துக்குக் குதியனின் கை காதை நோக்கிப் போனது. அந்த நேரம் பார்த்து ஒரு செவ்வெறும்பு அவன் உச்சந்தலையில் நறுக்கென்று கடித்தது. அவன் இரண்டு கைகளாலும் தலையைப் பறட்டுப் பறட்டென்று சொறிந்தான்.

"புலி" என்றாள் உருமி. இரண்டு கைகளையும் பார்த்துவிட்டு, "ரொம்பப் பெரிய புலி" என்று சேர்த்தும் சொன்னாள்.

வகுப்பு சிதறியது. அணில் பொந்துக்குள் புகுந்தது. கொக்கு மர உச்சிக்குப் போய்விட்டார். எல்லாரையும் முந்தி ஓடியது முயல்தான். புதருக்குள் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதுதான் அதற்கு ஞாபகம் வந்தது: வாத்தியார் கேட்டுக்கொண்டபடி காலையில் அந்தத் தடத்தைப் பதித்ததே தான்தான்.

விஷயம் தெரிந்ததும் எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். உருமி சிரிக்கவில்லை. நேரே குளக்கரைக்குப் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். மழைக்காலத்தில் சேறாகக் கிடந்த கரை வெயிலில் காய்ந்து ஓடு மாதிரி இறுகியிருந்தது.

கண்டிக்கலாம் என்றுதான் கொக்கு பின்னால் வந்தார்.

"குதியன் காட்டித்தான் சொன்னேன்" என்றாள் உருமி, கேட்பதற்கு முன்பே. "எவ்வளவு பார்த்தாலும் எனக்குத் தெரியல வாத்தியாரே."

இன்னும் கொஞ்ச நேரம் பாரு என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். உருமியின் கை தரையில் எதையோ தடவிக்கொண்டிருந்தது.

"இது நீங்கதானே?"

"எது?"

"இந்தத் தடம். ஒத்தைக் கால்ல ரொம்ப நேரம் நின்னிருக்கீங்க, ஆழமா இறங்கியிருக்கு. கிளம்பறப்போ கோவமா கிளம்பியிருக்கீங்க, நகம் கீறியிருக்கு. அன்னைக்கு மீன் கிடைக்கலையா?"

அன்றைக்கு மீன் கிடைக்கவில்லைதான். அதைக் கொக்கு யாரிடமும் சொன்னதில்லை.

அவர் கரையை ஒருமுறை பார்த்தார். காடு முழுக்கத் தண்ணீர் குடிக்க வந்துபோன இடம் அது. புலி, மான், பன்றி, சிறுத்தை என்று எல்லாருடைய தடமும் காய்ந்து கெட்டியாகக் கிடந்தது. எத்தனை பேர் தொட்டாலும் அழியாது. வகுப்பு நடந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். கொக்குக்கு வெட்கமாக இருந்தது.

"பக்கத்துல இருக்கிறது எதுன்னு பா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "பார்க்க வேணாம். தடவிச் சொல்லு."

அவர் பயணத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட்டார். வகுப்பு குளக்கரைக்கு மாறியது. ஒற்றைக் காலில் நிற்க விரும்பியவர்கள் நின்றார்கள், மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். உருமி கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு தடமாக விரலால் வருடினாள். விரலுக்குப் பழகியது மெல்ல மெல்லக் கண்ணுக்கும் பிடிபட்டது. பிறகு மணலைத் தொடாமல், மேலே காற்றில் விரலை ஓட்டியே சொல்லத் தொடங்கினாள். மற்றவர்களைவிட நேரம் அதிகம் பிடித்தது. அதனால் என்ன? மீனுக்காக நிற்கிறவருக்கு மாணவிக்காக நிற்பதா கஷ்டம்?

ஒருநாள் குதியன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். இந்தமுறை எறும்பு இல்லை. "நானும் ஒருவாட்டி தடவிப் பார்க்கட்டுமா? எனக்கு மானும் பன்றியும் எப்பவுமே குழம்பும்."

மறுபரீட்சையில் உருமி எல்லாத் தடங்களையும் சரியாகச் சொன்னாள். மரத்தில் யாரும் இல்லை.

தோப்புக்குப் போகும் பாதையில், ஒரு திருப்பத்துப் புழுதியில் ஒரு தடம் பாதி கலைந்து கிடந்தது. கூட்டம் நின்றது. கொக்கு திரும்பி, "உருமி, நீ சொல்லு" என்றார்.

அவள் குனிந்து விரலைக் காற்றில் நிதானமாக ஓட்டினாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"சிறுத்தை. இந்த வழியாத்தான் போயிருக்கு."

கொக்கு கழுத்தை நீட்டிச் சரிபார்க்கவில்லை. "அப்போ சுத்து வழியா போவோம்" என்று சொல்லிவிட்டு நடந்தார். எல்லாரும் அவர் பின்னால் போனார்கள். அன்று சாயங்காலம் இலுப்பை மரத்தடியில் உருமி வாய் நிறையப் பூவோடு உட்கார்ந்திருந்தாள்.

நீதி: விடையைச் சொல்லிக் கொடுப்பது உதவி ஆகாது, பிள்ளைக்குப் புரிகிற வழியைக் கண்டுபிடித்துக் கொடுப்பதே உதவி.