பூக்கற்களின் முதுகு

மூன்று வருடங்களாக மடத்தில் இருந்த சிவக்கொழுந்து, ஒரு காலையில் பையைக் கட்டிவிட்டார்.

அவருக்கு அறுபத்தொரு வயது. பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த மறுமாதம் இங்கே வந்து சேர்ந்தார். அவருடைய குரு வடிவாம்பிகைக்கு நாற்பத்திரண்டு வயதுதான். கொத்தனார் வீட்டில் பிறந்தவர். மடத்தில் எல்லோருக்கும் அவர் அம்மா.

பையோடு வந்து நின்றவரை அம்மா ஏறிட்டுப் பார்த்தார்.

"என்னங்கய்யா, ஊருக்கா?"

"ஆமாம்மா. இங்க இருக்க எனக்கு யோக்கியதை இல்லை. பாடும்போது எல்லாரும் கண்ணை மூடுறாங்க, நானும் மூடுறேன். அவங்க உருகுறாங்க, நானும் உருகுற மாதிரி உட்கார்ந்திருக்கேன். எல்லாம் பார்த்துப் பழகினது. எனக்குன்னு உள்ளேயிருந்து எதுவும் வரலை."

"எப்பலேருந்து இப்படித் தோணுது?"

அவர் பையைக் கை மாற்றிக்கொண்டார்.

"சம்சாரம் போன அன்னிக்கே. தெருவே அழுதுச்சு. அதைப் பார்த்துத்தான் நானும் அழுதேனோ என்னமோ. இன்னிவரைக்கும் தெரியலை."

அம்மா எழுந்தார். உள்ளே போய்க் கொத்துக்கரண்டியும் உளியுமாக வந்தார்.

"பாட்டுக் கூடத்துச் சுவர் மழையில ஊறி உப்பிக்கிட்டு நிக்குது. பூக்கல்லை எல்லாம் இறக்கித் திரும்பப் பதிக்கணும். ஒரு ஆள் குறையுது. முடிச்சிட்டுப் போங்களேன்."

கூடத்தின் வடக்குச் சுவர் முழுக்கப் பீங்கான் பூக்கற்கள், சதுரச் சதுரமான ஓடுகள். பச்சை இலைகளுக்கு நடுவே புடைத்து நிற்கும் இளஞ்சிவப்புப் பூ. மடத்தைக் கட்டிய வணிகர் அந்தக் காலத்தில் கப்பலில் வரவழைத்தவை. சிவக்கொழுந்து பையை மூலையில் வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

கற்களைப் பெயர்க்க இரண்டு நாள் ஆயிற்று. தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு, முதுகில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைச் சுரண்டியபோது எழுத்துகள் தெரிந்தன. வாத்தியாருக்குக் கண் விரிந்தது.

"அம்மா, இங்க பாருங்க! இது இங்கிலாந்து முத்திரை. இது ஜப்பான். முதல்ல வெள்ளைக்காரன் செஞ்சு அனுப்பினான். அதைப் பார்த்து ஜப்பான்காரன் அதே பூ, அதே இலைன்னு செஞ்சு கப்பல் கப்பலா இறக்கிட்டான். இத்தனை வருஷமா ரெண்டும் ஒரே சுவர்ல கலந்து கிடந்திருக்கு. ஒருத்தருக்கும் தெரியலை!"

மளமளவென்று இரண்டு குவியலாகப் பிரித்தார்.

"இது அசல். இது நகல். அசலை விளக்குக்கு நேரா வைப்போம்மா. நகல் தூண் மறைவுல போகட்டும்."

"சரிங்கய்யா." அம்மா சுண்ணாம்பைக் குழைத்துக்கொண்டிருந்தார். "ஒண்ணே ஒண்ணு. நீங்க தினமும் உட்காருற இடத்துக்கு எதிர ஒரு கல் இருந்துச்சே, அதை மட்டும் எடுத்துக் குடுங்க. அது பழைய இடத்துலயே இருக்கட்டும்."

எந்தக் கல் என்று அவர் கேட்கவில்லை. அதில் ஒரு இதழின் சிவப்பு ஓரம் தாண்டி இலைமேல் வழிந்திருக்கும். அவர் மனைவி மருதாணி வைத்தால் அப்படித்தான், நகத்தைத் தாண்டிப் படர்ந்து நிற்கும்.

அசல் குவியலில் தேடினார். இல்லை. ஒவ்வொன்றாக எடுத்து வைத்து மறுபடி தேடினார். இல்லை. கடைசியில் மனமில்லாமல் நகல் குவியலில் கையை விட்டார். நாலாவது கல் அது. திருப்பிப் பார்த்தார். ஜப்பான்.

அதை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கிடைச்சுதாய்யா?"

"கிடைச்சுது. நகல்ல இருக்கு." அவர் கல்லைத் திருப்பிப் பூவைப் பார்த்தார். "போன மாசம் ஒருநாள் விடியக்காலை... கூடத்துல யாருமே இல்லை. இதைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். என்னையறியாம அழுதேன். அடக்கவே முடியலை. அதையாவது நிஜம்னு நினைச்சிருந்தேன். கடைசியில தப்பான கல்லைப் பார்த்துல்ல அழுதிருக்கேன்! எனக்கு ஒண்ணுமே புரியலைம்மா."

அம்மா வந்து கல்லை வாங்கினார். சுண்ணாம்பு பட்ட கட்டைவிரலால் அந்த வழிசலைத் தடவினார்.

"இது மாதிரி அந்த அசல் குவியல்ல எதுலயாவது இருக்கா?"

"இல்லை. ரெண்டு தடவை பார்த்துட்டேன்."

"பின்ன இது எப்படி வந்துச்சு?"

"சூளையில வந்திருக்கும். சூட்டுல நிறம் உருகி ஓடியிருக்கு."

"ம்."

அம்மா கல்லின் முதுகில் சுண்ணாம்பை அப்பினார். பழைய இடத்தில் வைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். சிவக்கொழுந்து பின்னாலேயே எழுந்து வந்தார்.

"ஆனா அம்மா, என்ன இருந்தாலும் அது இன்னொண்ணைப் பார்த்துச் செஞ்சதுதானே?"

அம்மா சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை.

"பார்த்துச் செய்யலாங்கய்யா. பார்த்து வேக முடியுமா?"