அழைப்பது யார்?

கோவில்பட்டியில் கல்யாணப் பத்திரிகைக் கடை வைத்திருந்த செண்பகவல்லிக்கு முப்பத்து நாலு வயது. அவளிடம் வியாபாரம் படிக்க வந்த தங்கமாரியப்பனுக்கு ஐம்பத்திரண்டு. இருபது வருஷம் ஊர் ஊராகப் போய்க் குக்கர் விற்றவர். பேச்சில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் இந்தக் கடையில் அது எடுபடவில்லை. வந்து ஒரு மாதமாகியும் ஒரு ஆர்டர்கூடப் பிடிக்கவில்லை.

அன்றைக்கு இசக்கியம்மாள் மூன்றாவது தடவையாக வந்தாள். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவள். மகளுக்கு இன்னும் இருபது நாளில் கல்யாணம், பத்திரிகை மட்டும் முடிவாகவில்லை.

"இத நான் முடிச்சுக் காட்டுதேன் தாயி. முடியலன்னா நாளையிலிருந்து கடைக்கு வரல" என்றார் தங்கமாரியப்பன்.

"சரி அண்ணாச்சி" என்றாள் செண்பகவல்லி.

அவர் ஆரம்பித்தார்.

"இதப் பாரு தங்கச்சி, பிள்ளையார் அப்படியே எழுந்து வருவாரு. இது சந்தன வாசம், மோந்து பாரு. இது கதவு மாதிரித் திறக்கும்."

இசக்கியம்மாள் ஒவ்வொன்றையும் திறந்தாள். மாதிரிக்காக உள்ளே அச்சடித்திருந்ததைப் படித்தாள். மூடி வைத்தாள்.

"கலர் சரியில்ல."

அடுத்தது.

"தாள் மெல்லிசா இருக்கு."

அதற்கடுத்தது.

"இது ரொம்பக் கனம்."

"வெலதான் யோசனையா? கொறச்சுக்கிடலாம்."

"வெல இல்லண்ணே" என்று அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

தங்கமாரியப்பனுக்கு வேர்த்துவிட்டது. சொல்வதற்கு இனி ஒன்றும் பாக்கியில்லை.

செண்பகவல்லி வந்து மேஜையில் குவிந்திருந்த பத்திரிகைகளை ஒதுக்கினாள். ஒரு வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்ன எழுதணும்னு சொல்லுங்கக்கா. எழுதிக்கிடுதேன்."

இசக்கியம்மாள் திரும்ப உட்கார்ந்தாள். மகள் பெயர் பொன்செல்வி என்றாள். மாப்பிள்ளை பெயர், தேதி, மண்டபம் எல்லாம் தடங்கல் இல்லாமல் வந்தது.

"அழைக்கிறது யாருக்கா?"

பதில் இல்லை.

"பொண்ணோட அப்பா பேர..." என்று ஆரம்பித்தார் தங்கமாரியப்பன். செண்பகவல்லி கையைக் காட்டி நிறுத்தினாள். பேனாவைத் தாளில் வைத்தபடியே இருந்தாள். வேறொருவர் உள்ளே வந்தார். அவரையும் சைகையிலேயே உட்காரச் சொன்னாள்.

"அவ அப்பா தவறிப் பதினெட்டு வருஷமாச்சு" என்றாள் இசக்கியம்மாள். "பெரியப்பன் பேரத்தான் போடணுமாம். நான் அழைக்கக் கூடாதாம்."

செண்பகவல்லி அப்போதும் எதுவும் சொல்லவில்லை.

"பிள்ள சாப்பிட்டாளான்னு ஒரு நாள் கேட்டதில்ல அந்த மனுஷன். பெட்டி ஒட்டிப் படிக்க வச்சது நானு. இங்க எந்தப் பத்திரிகையத் திறந்தாலும் மேல ஒரு ஆம்பள பேரு. பார்க்கப் பார்க்க வயிறு எரியுது."

பையைக் கீழே வைத்துவிட்டு, "என் பேரப் போடுங்க. என் பேரு மட்டும்" என்றாள்.

செண்பகவல்லி எழுதித் தாளைத் திருப்பி வைத்தாள். இசக்கியம்மாள் தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. ஆனால் முகத்தில் அப்படி ஒரு நிமிர்வு.

"எந்தக் கார்டுலக்கா அடிக்கட்டும்?"

"எதுலயாவது அடிங்க. ஐந்நூறு வேணும்."

அவள் போன பிறகு தங்கமாரியப்பன், தான் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு, டிபன் கேரியரை எடுத்துக்கொண்டார். வாசலில் நின்றார். கேட்காமல் போக மனசு வரவில்லை.

"அந்தத் தங்கச்சி மனசுல இதுதான் இருக்குன்னு எப்படித் தாயி தெரிஞ்சுது?"

"எனக்கு எங்க தெரிஞ்சுது? தெரிஞ்சிருந்தா நானும் பேசித்தான் இருப்பேன் அண்ணாச்சி."

தங்கமாரியப்பன் உள்ளே வந்து டிபன் கேரியரைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.