ஆட்டுக்குட்டிப் பாட்டின் சொந்தக்காரர்

குருவைவிடச் சீடருக்கு வயது கூடுதல்.

குரு மெகராஜ் பானு, பாளையங்கோட்டையில் வக்கீல். நாற்பதைத் தொடாதவர். எழுதுகிறவர்கள், வரைகிறவர்கள், படம்பிடிக்கிறவர்கள் எல்லாரும் ஞாயிறு காலையில் அவருடைய அலுவலக மாடிக்கு வந்து பதிப்புரிமைச் சட்டம் கற்றுக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவர் பிரமநாயகம். டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுக்குப் பிறகு குழந்தைப் பாட்டு எழுதப்போய், அதில் ஒன்று சிறுவர் பத்திரிகையில் வந்து ஊர் ஊராகப் பரவிவிட்டது.

*ஆட்டுக் குட்டி ஏறுச்சு,*
*ஜன்னல் சீட்டில் குந்துச்சு.*
*டிக்கெட் எங்கே என்றதும்*
*வாலை ஆட்டிக் காட்டுச்சு.*

இப்படிப் போகும் பாட்டு, கண்டக்டர் விசில் ஊதிக் குட்டியை இறக்கிவிடுவதோடு முடியும்.

ஒரு ஞாயிறு, வகுப்பு தொடங்கும் முன்பே பிரமநாயகம் மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

“வக்கீலம்மா, களவு போயிட்டு!”

“என்னது அண்ணாச்சி?”

“என் ஆட்டுக்குட்டி!”

மூலையில் உட்கார்ந்திருந்த கல்யாண போட்டோக்காரர், “அதுக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்கல்ல போகணும்?” என்றார். மாடியே சிரித்தது. பிரமநாயகம் சிரிக்கவில்லை.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். வரும் வெள்ளிக்கிழமை ஆண்டு விழா. அங்கே அவர் பாட்டைப் பாடப்போகிறார்கள். அழைப்பிதழில் ‘நாட்டுப்புறப் பாடல்’ என்று போட்டிருக்கிறது. போதாததற்கு, யாரோ கடைசியில் நாலு வரி சேர்த்தும் விட்டார்களாம். அந்தப் பள்ளியில் படிக்கும் தங்கை பேத்தி சொன்னது.

“ஒரு நோட்டீஸ் விடுங்க. விழாவே நின்னு போகணும். நான் பாட்டைப் பதிவு பண்ணலைங்கிற தைரியந்தானே இவங்களுக்கு?”

“பதிவு பண்ணினா சாட்சிக்கு ஆகும். மத்தபடி, எழுதின அன்னைக்கே அது உங்களுது” என்றார் மெகராஜ் பானு. “ஒண்ணு கேக்கேன். காலையில பள்ளிக்கூடப் பிள்ளைங்க உங்க பஸ்ஸுல ஏறினா டிக்கெட் கேப்பீங்களா?”

“அதெப்படி? பாஸ் இருக்கே.”

“யார் கொடுத்த பாஸ்?”

“சர்க்கார்.”

“இங்கயும் அப்படித்தான். பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களும் வாத்தியார்களும் சேர்ந்து, பெத்தவங்க முன்னால பாடினா, உங்களைக் கேக்க வேண்டாம்னு சட்டமே விட்டுக் கொடுத்திருக்கு.”

பிரமநாயகத்தின் முகம் சுருங்கியது.

“அப்போ என் பேரு?”

“அது உங்களுது. அதை யாரும் எடுக்க முடியாது. பாட்டைச் சிதைச்சு உங்களுக்குத் தலைகுனிவு உண்டாக்கினாலும் நீங்க கேக்கலாம்.”

“சிதைச்சுத்தான் இருப்பாங்க.”

“கேட்டீங்களா?”

“இல்ல.”

“கேக்காத பாட்டுக்கு நான் நோட்டீஸ் எழுதுறதில்ல. போய்க் கேட்டுட்டு வாங்க.”

வெள்ளிக்கிழமை பிரமநாயகம் போனார். வழியெல்லாம், மேடை ஏறி என்ன பேசுவது என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். பந்தலில் பெற்றோர்கள் நடுவே, இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அட்டையில் செய்த பஸ்ஸுக்குள் இருபது பிள்ளைகள் ஓடி வந்தார்கள். கண்டக்டர் வேஷம் போட்ட பொடியனுக்குக் காக்கிச் சட்டை முழங்கால் வரை தொங்கியது. தன் வரிகளைத் தன் காதால் கூட்டத்தோடு கேட்பது அவருக்கு அதுவே முதல்முறை. கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்தது.

குட்டியை இறக்கிவிட்டார்கள். பாட்டு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

*ஒத்தையில் நின்ன குட்டியும்*
*ஊரே கேட்கக் கத்துச்சு: மே!*
*போன பஸ்ஸும் நின்னுதான்*
*ஹாரன் அடிச்சுச் சொல்லுச்சு:*

“மே...ஏ!” என்று இருபது பிள்ளைகளும் கத்தினார்கள். பந்தல் முழுக்கத் திரும்பக் கத்தியது. பக்கத்தில் இருந்த போலீஸ்காரர் ஒருவர், மடியில் குழந்தையோடு, “மே” என்றார். பிரமநாயகமும் கத்தினார். கத்திய பிறகுதான் தான் எதற்கு வந்தோம் என்பது அவருக்கு நினைவு வந்தது.

பாட்டு முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனார். கழுத்தில் விசிலோடு ஓர் இளம்பெண் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். பி.டி. டீச்சர், செல்வக்கனி.

“அந்தக் கடைசி நாலு வரி யார் எழுதினது?”

“நான்தான் சார். ஏன், சரியில்லையா?”

“முந்தினது?”

“அது ஊர்ப் பாட்டு சார். பிள்ளைங்க எங்கிருந்தோ பாடிட்டு வந்துச்சு.”

“ஊரு எழுதல. நான் எழுதினேன்.”

டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“அப்போ அந்தக் குட்டிய நடுரோட்டுல எறக்கிவிட்டது நீங்கதானா?”

பிரமநாயகம் அவள் கழுத்தில் தொங்கிய விசிலைப் பார்த்தார்.

“ஒண்ணாம் வகுப்புல நாலஞ்சு பேரு அழுதுட்டாங்க சார். அம்மா எங்க, வீட்டுக்கு எப்படிப் போகும்னு ஒரே கேள்வி. அதான் பஸ்ஸ நிறுத்தினேன்.”

அவர் பெயரைக் கேட்டுக்கொண்ட கையோடு அவள் மேடைக்கு ஓடி மைக்கைப் பிடுங்கினாள். நாட்டுப்புறப் பாடல் என்று போட்டது தவறு, இதை எழுதிய பிரமநாயகம் ஐயா இங்கேயே இருக்கிறார் என்றாள். கைதட்டல் ஓய நேரமாயிற்று. கண்டக்டர் பொடியன் வந்து அவருக்கு ஒரு சல்யூட் அடித்தான்.

அடுத்த ஞாயிறு மாடியேறியவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

“நோட்டீஸ் வேண்டாம் வக்கீலம்மா. நாலு வரியும் தங்கம்! என் புஸ்தகம் அச்சுக்குப் போகுதுல்ல, அதுல கடைசியில சேர்த்துட்டேன்.”

“டீச்சரைக் கேட்டீங்களா?”

“என் பாட்டுல என்னைக் கேக்காம வந்து ஒட்டினதுதானே?”

“அது பள்ளிக்கூட விழா. இது கடையில விக்கிற புஸ்தகம்.”

“ஆடு என் ஆடு. பஸ் என் பஸ்.”

“வரி?”

பிரமநாயகம் நாற்காலியில் உட்கார்ந்தார். “பஸ் நின்னு பதில் சொல்லுது, அவ்வளவுதானே. அதை நானே வேற மாதிரி எழுதிட்டா?” என்றார்.

“தாராளமா. யோசனைக்கு யாரும் வேலி போட முடியாது. அவங்க எழுதின வரிய எடுக்காதீங்க, அவ்வளவுதான்.” ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தார். “எழுதுங்க.”

வகுப்பு நடந்தது. மற்றவர்கள் கேள்வி கேட்டார்கள், டீ வந்தது, போட்டோக்காரர் தன் படத்தை யாரோ விளம்பரத்தில் போட்டதைப் பற்றி அரைமணி நேரம் புலம்பினார். பிரமநாயகம் எழுதினார், அடித்தார், எழுதினார். எப்படி எழுதினாலும் பஸ் ஹாரன் அடித்ததே தவிர, “மே” என்று சொல்லவில்லை. எல்லாரும் போன பிறகு அவர் எழுந்தார்.

“அம்பாசமுத்திரம் பஸ் எத்தனை மணிக்கு?” என்றார் மெகராஜ் பானு.

“அதை என்கிட்டயா கேக்கீங்க?” என்று சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கினார்.

இரண்டு நாளில் திரும்பி வந்தார். கையில் செல்வக்கனி கையெழுத்துப் போட்ட சம்மதம். கூடவே ஒரு குழப்பம்.

“அந்தப் பிள்ளை ஒரு நிபந்தனை போட்டுட்டா வக்கீலம்மா. பாட்டுக்கு அடுத்த பக்கத்தை வெறுமனே விடணுமாம். குட்டி வீட்டுக்குப் போய் என்ன செஞ்சுதுன்னு படிக்கிற பிள்ளைங்களே எழுதணுமாம். பதிப்பகத்துல காகிதம் வீண்னு சண்டை. நான் விடல. விட்டே ஆகணும்னுட்டேன்.”

“நல்லது.”

“நல்லதுதான். ஆனா முன்பக்கத்துல உரிமை யாருக்குன்னு போடணும்லா?” பையிலிருந்து அச்சு நகலை எடுத்து விரித்தார். “பாட்டுக்கு நான். அந்த நாலு வரிக்கு செல்வக்கனி. படத்துக்கு வரைஞ்ச தம்பி. எல்லாம் எழுதியாச்சு. இந்த வெறும் பக்கத்துக்கு யார் பேரைப் போட?”

மெகராஜ் பானு அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“இன்னும் யாரும் எழுதலையே, அண்ணாச்சி. அவங்க வரட்டும்.”